உற்பத்தி மனேஜர்

துஷாந்தினியை உற்பத்தி மனேஜர் ஆக்கிய கடிதம் பங்குனி மாதம் இரண்டாம் கிழமை கொழும்பிலிருந்து வந்தது. பெரிய மனேஜர் சுபாஸ் அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நண்டு உடைக்கும் மண்டபத்து வாசலில் நின்று வாசித்தார். தலையில் வலைத்தொப்பியும் காலில் றப்பர் சப்பாத்துமாகப் பெண்கள் முந்நூறு பேரும் நின்று கேட்டார்கள். பாதிப் பேருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கை தட்டினார்கள். கைகள் ஈரமாக இருந்தபடியால் சத்தம் சப்பென்றுதான் வந்தது.

கொம்பனி பெரியது. தெற்கிலும் மேற்குக் கரையிலும் பக்டரிகள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பக்டரி கைதடிக்கு அங்கால் கண்டி வீதியோரம் இருந்தது. எல்லாம் சேர்த்து நாலாயிரம் பேருக்கு வேலை, அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மேசைத் தலைவி என்ற இடத்துக்கு மேலே மட்டும் ஒரு பெண்ணும் போனதில்லை. வெளிநாட்டில் நண்டு வாங்குகிறவர்கள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், உங்கள் பெரிய கதிரைகளில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று. கடைசியில் கொழும்பில் கூடிப் பேசி ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அதில் ஒருத்தி மட்டுவில் துஷாந்தினி.

ஆளைப் பிழையாகத் தெரிந்தெடுக்கவில்லை. அவள் அந்தப் பக்டரியில் பதினொரு வருடம் இருந்தவள். ஏ.எல். என்ற உயர்தரச் சோதினை எழுத வேண்டிய வருடம் தென்மராட்சி முழுதும் சண்டையால் இடம்பெயர்ந்தது. அவளுடைய புத்தகங்களும் வீட்டோடு போயின. பிறகு கலியாணம், மகள் வினோஜா, ஊருக்குத் திரும்பி வந்தது, வீடு கட்டியது. பக்டரி திறந்தபோது சைக்கிளில் வந்து நண்டு உடைக்கச் சேர்ந்தாள். அவித்த நண்டின் முதுகோட்டைக் கழற்றி, பூ என்கிற செவுளை வழித்தெறிந்து, நடுவால் உடைத்து, பின்னங்காலின் அடியில் இருக்கும் பெரிய தசையை முறியாமல் எடுக்க வேண்டும். முறியாத தசைக்குத்தான் வெளிநாட்டில் மதிப்பு. அதில் ஒரு ஓட்டுத் துகள் கிடந்தாலும் நீல வெளிச்சத்தில் பிடித்துவிடுவார்கள். துஷாந்தினியின் தட்டில் அப்படிப் பிடிபட்டது குறைவு. மூன்றாம் வருடம் மேசைத் தலைவியானாள். ஏழாம் வருடம் அதே பதவியில் ஆறு மேசைகளைப் பார்த்தாள். நண்டைக் கையில் எடுத்தால் அது எத்தனை மணித்தியாலத்துக்கு முன் அவிந்தது என்று சொல்லுவாள்.

கடிதம் வந்த மறுநாள் பாசையூர்ச் சிசிலியா அவளை “மிஸ்” என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் நாலு வருடம் ஒரே மேசையில் இருந்தவர்கள்.

“ஏனக்கா என்னை மிஸ் எண்டுறியள்?”

“நீ என்னை அக்கா எண்டே கூப்பிடு. நான் மிஸ் எண்டுறன். நாளைக்கு நீ என்னை ஏச வேண்டி வந்தால் மிஸ் ஏசினது எண்டு போயிடும். துஷா ஏசினது எண்டால் எனக்குக் கோவம் வரும்.”

மேல்மாடியில் மனேஜர்மாருக்கு ஐந்து அறைகள். கழிப்பறை ஒன்று, கதவில் ஆணின் படம். துஷாந்தினி ஒவ்வொரு முறையும் படியிறங்கி, முற்றத்து வெய்யிலைக் கடந்து, கீழே பெண்களின் வரிசையில் போய் நின்றாள். பெட்டைகள் வழி விட்டார்கள். வேண்டாம் என்றாள். இரண்டாம் கிழமையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

சுபாஸ் கொக்குவில் ஆள். முப்பத்தைந்து வயது, பட்டம் படித்தவர், குரலை உயர்த்தாதவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். “நீங்கள் கையெழுத்தை வையுங்கோ அக்கா, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்று தினமும் நாலைந்து தாள்களை நீட்டுவார். அவள் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள். அதற்கு நேரம் எடுத்தது. அவர் கதிரையின் கையில் விரலால் தட்டிக்கொண்டு காத்திருப்பார்.

கணவன் கோபிசங்கருக்கும் அதே கொம்பனியில்தான் வேலை. ஏழு வருடமாகக் குளிர் லொறி ஓடுகிறான். கச்சாய்க் கரையில் நண்டை வாங்கி அங்கேயே அவித்து ஆறவைப்பார்கள். அதை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி வழியாகப் பக்டரிக்குக் கொண்டுவருவது அவன் வேலை. அவனோடு நின்ற றைவர்மார், “என்னண்ணை, இனி வீட்டுக்குள்ளை போறதுக்கும் கேற் பாஸ் எடுக்கோணுமோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பதவிக் கடிதத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு அலுமாரியில், காணி உறுதியோடு வைத்தவனும் அவன்தான்.

அவனுடைய தாய் இரத்தினம்மாவுக்குச் சீனி வருத்தம். நாலு கிழமைக்கு ஒரு செவ்வாய் சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் கிளினிக். அஞ்சு வருடமாக அரைநாள் லீவு எடுத்துக் கூட்டிக்கொண்டு போனது துஷாந்தினி. எந்த வாங்கில் இருந்தால் நம்பர் கேட்கும், எந்த நாளில் இரத்தம் எடுப்பார்கள், எந்த மருந்தை வெளியில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம்.

சித்திரையில் கிளினிக் நாள் வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே சுபாசிடம் போனாள்.

“சேர், வாற செவ்வாய் மாமிக்குக் கிளினிக். அரைநாள் லீவு வேணும்.”

சுபாஸ் கணினியிலிருந்து முகத்தை எடுத்தார். “செவ்வாயோ? அண்டைக்குத்தானே அக்கா கொழும்புக் கூட்டம். புதுசா வந்த பொம்பிளை மனேஜர்மார் ஏழு பேரும் ஸூமிலை வரோணும். பெண் தலைமைத்துவம் பற்றி. நீங்கள் இல்லாமல் என்னண்டு?”

“அது பத்தரைக்குத்தானே. நான் மாமியை இருத்திப்போட்டு ஓடி வந்திடுவன்.”

“கிளினிக்கிலையிருந்து ஓடி வரேலுமோ? எனக்கும் அம்மா இருக்கிறா, எனக்குத் தெரியும். அதோடை மனேஜர் ஆக்களுக்கு அரைநாள் லீவு எண்டு ஒண்டு இல்லை. முழுநாள் இருக்கு, அதுவும் முதல் ஆறு மாசம் எடுக்கேலாது. மேசையிலை இருக்கேக்கை எடுத்தனீங்கள், அது வேறை.”

“கிளினிக் வேறை இல்லைத்தானே சேர்.”

“விளங்குது அக்கா. ஆனால் நான் என்ன செய்யிறது? சட்டத்தை நான் எழுதேல்லை.”

திங்கட்கிழமை பின்னேரம் வீட்டில் கோபிசங்கர் சொன்னான்: “இதுக்கு ஏன் யோசிக்கிறீர்? நான் காலமை வெறும் லொறியோடை கச்சாய்க்குப் போகேக்கை அம்மாவை ஆஸ்பத்திரி வாசல்லை இறக்கிவிடுறன். வழிதானே. பிறகு அவ ஓட்டோ பிடிச்சு வீட்டை வரட்டும்.”

“நாளைக்கு இரத்தம் எடுக்கிற நாள். காலமை ஒண்டும் சாப்பிடக்கூடாது, இன்சுலின் ஊசியும் போடக்கூடாது. இரத்தம் எடுத்த உடனை வாழைப்பழமும் பிஸ்கற்றும் குடுக்கோணும். பையிலை வைச்சிருக்கிறன்.”

“சரி.”

“மாமிக்கும் சொல்லிப்போட்டன். எண்டாலும் நீங்கள் ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ. நான் அஞ்சே முக்காலுக்கு வெளிக்கிட்டிடுவன்.”

“சரி எண்டுறன் எல்லே.”

செவ்வாய் காலையில் இருந்தே வெக்கை. வீதியோரத்துப் பனைகளில் ஒரு ஓலை ஆடவில்லை. பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியது. போனை அறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்றிருந்தார்கள். துஷாந்தினி தன் போனைச் சத்தத்தை நிறுத்தி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனாள். திரையில் ஏழு பெண்களின் முகம் சின்னச் சின்னப் பெட்டிகளில் தெரிந்தது. கொழும்பில் ஆட்களைப் பார்க்கும் பிரிவிலிருந்த மிஸ் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டா. உங்கள் குடும்பம் உங்களுக்கு எப்படி ஆதரவாக இருக்கிறது? துஷாந்தினியின் முறை வந்தபோது, “நல்ல ஆதரவு மிஸ். அவரும் மாமியும் நல்ல ஆதரவு” என்றாள். மிஸ் அதை எழுதிக்கொண்டா.

கூட்டம் முடிய மணி பன்னிரண்டே முக்கால். வழமையில் பதினொன்றரை தாண்டியதும் லொறி வந்துவிடும். படியால் இறங்கும்போதுதான் அது கேற்றுக்குள் நுழைவதைக் கண்டாள். காவலாளி மார்க்கண்டர் நேரத்தைக் கொப்பியில் பதிந்தார். முன் சீற்றில் கோபிசங்கருக்குப் பக்கத்தில் மாமி இருந்தா. மடியில் கிளினிக் கொப்பி, கன்னத்தில் பஞ்சு ஒட்டிய ஒரு கீறல்.

ஆட்கள் கதவைத் திறந்து கூடைகளை இறக்கத் தொடங்கினார்கள். சிசிலியா முதலாவது கூடையில் கை வைத்துவிட்டு எடுத்தாள்.

“மிஸ், இஞ்சை ஒருக்கா வாங்கோ.”

துஷாந்தினி கம்பி வெப்பமானியை ஒரு நண்டின் வயிற்றுக்குள் செருகினாள். பதினொரு பாகை காட்டியது. நடுக் கூடையில் பதின்மூன்று. கதவோரத்தில் இருந்ததில் பதினாலு. நாலுக்கு மேல் போகக்கூடாது என்பது பக்டரியில் சின்னப் பெட்டைக்கும் தெரியும். கூடைகளுக்கு அடியில் ஐஸ் எல்லாம் தண்ணீராகி ஓடியிருந்தது.

“என்ன நடந்தது?” என்று கோபிசங்கரிடம் கேட்டாள்.

“அம்மா விழுந்திட்டா. பழக்கத்திலை காலமை ஊசியும் போட்டிட்டா, சாப்பிடவும் இல்லை. சீனி இறங்கி வாங்கிலையிருந்து சரிஞ்சு விழுந்திட்டா. நேர்ஸ் பிள்ளை எனக்குப் போன் அடிச்சவ. நான் லோட்டோடை வந்துகொண்டிருக்கிறன். உமக்கு நாலுதரம் அடிச்சனான்.”

“லொறியை எங்கை விட்டனீங்கள்?”

“ஒழுங்கையிலை. சாவியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டிட்டு உள்ளை போகேலுமோ? நிப்பாட்டிப்போட்டுப் போனன்.”

எஞ்சின் நின்றால் குளிரூட்டியும் நின்றுவிடும்.

“எவ்வளவு நேரம்?”

அவன் கேற் பக்கம் பார்த்தான். “நாப்பது நிமிசம் இருக்கும்.”

அவள் மாமியை இறக்கி, நிழலில் இருத்தி, சீனி போட்ட தேத்தண்ணி கொடுக்கச் சொன்னாள். ஒரு ஓட்டோவுக்குப் போன் அடித்தாள். பிறகு இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம், “கூடையளை உள்ளுக்கை கொண்டு போகாதேங்கோ” என்றாள்.

சுபாஸ் கீழே இறங்கி வந்தார். “என்ன அக்கா, ஏன் நிக்குது?”

“பதினாலு காட்டுது சேர். எடுக்கேலாது.”

“நல்லா ஐஸ் போட்டு ஒரு மணித்தியாலம் வைச்சால் இறங்கிடும். வியாழக்கிழமை கொள்கலன் வெளிக்கிடுது. நானூறு கிலோ இது.”

“ஐஸ் போட்டால் குளிரும். சூடாயிருந்த நேரத்திலை உள்ளுக்கை வளந்தது போகாது. சாப்பிடுற ஆக்களுக்குத்தான் தெரியவரும்.”

“கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“இதைத் திருப்புறதெண்டால் என்ரை கையெழுத்து. எடுக்கிறதெண்டாலும் என்ரை கையெழுத்து. எடுக்கிறதுக்கு நான் வைக்கமாட்டன் சேர்.”

சுபாஸ் சுற்றிலும் பார்த்தார். மண்டபத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். மேலே ஏறிப் போனார்.

உடைக்க நண்டில்லாமல் அன்று பின்னேரம் மேசைகள் சும்மா கிடந்தன. உடைத்த கிலோவுக்குத்தான் பெண்களுக்குக் கூலி. “மனேஜரின்ரை மனுசன் செய்ததுக்கு எங்கடை அரைநாள் போச்சு” என்று ஒருத்தி மற்றவர்களுக்கும் கேட்கச் சொன்னாள். “உதை உடைச்சு அனுப்பி, திண்ட ஆக்கள் ஆஸ்பத்திரியிலை கிடந்தால் முழு வருசமும் போகும்” என்றாள் சிசிலியா. அதோடு கதை நின்றது, முகங்கள் மாறவில்லை. பின்வளவில் வெட்டிய கிடங்கில் நானூறு கிலோ நண்டையும் கொட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். கோபிசங்கரும் மண்வெட்டி பிடித்தான். காகங்கள் மதில் நிறைய இருந்தன.

லோட் பழுதானால் அதற்கு ஒரு படிவம் நிரப்பிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். நிரப்ப வேண்டியது உற்பத்தி மனேஜர். நாலு மணிக்குச் சுபாஸ் படிவத்தை அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் இருந்தார்.

“அக்கா, நான் சொல்லுறதைக் கோவிக்காமல் கேளுங்கோ. காரணம் எண்ட இடத்திலை, ரயர் காத்துப் போட்டுது எண்டு எழுதுங்கோ.”

“ரயர் காத்துப் போகேல்லையே.”

“தெரியும். லொறியிலை வெப்பம் பதியிற மெசின் தையிலையிருந்து வேலை செய்யேல்லை. ஆரும் பாக்கேலாது.”

“மெசின் வேலை செய்யேல்லை எண்டு நான் ரெண்டுதரம் எழுதித் தந்தனான் சேர்.”

“அது இப்ப கதையில்லை. கொழும்பிலை அறுவது வருசமா ஆம்பிளையளே மனேஜர். இப்பதான் ஏழு பொம்பிளையளைப் போட்டிருக்கினம். அவைக்குள்ளையே எத்தினை பேருக்கு விருப்பமில்லை தெரியுமோ? முதல் மாசமே, அவவின்ரை மனுசனாலை, அவவின்ரை மாமியாலை லோட் போச்சு எண்டு தாள் போனால் என்ன சொல்லுவினம்? பாத்தியளோ, பொம்பிளையளைப் போட்டால் வீடும் சேர்ந்து வரும் எண்டுவினம். உங்களுக்குப் பின்னாலை ஒருத்தியையும் போடமாட்டினம். சிசிலியா அக்காவை அடுத்த வருசம் எடுக்கிற எண்ணம் எனக்கு இருக்கு. அதையும் யோசியுங்கோ.”

அவர் பொய்க்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கரைச்சலாக இருந்தது. “காலமை தாறன் சேர்” என்று சொல்லிப் படிவத்தைப் பைக்குள் வைத்தாள். போகிற வழியில் மார்க்கண்டரின் கொப்பியை வாங்கிப் பார்த்தாள்.

வீட்டில் மாமி கட்டிலில் இருந்தா. துஷாந்தினி கைகால் கழுவிவிட்டுப் புட்டு அவித்தாள். முருங்கையிலை வறையும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தாள். வினோஜா அறைக்குள் படித்துக்கொண்டிருந்தாள். கோபிசங்கர் குசினி வாசலில் வந்து நின்றான்.

“சுபாஸ் என்னையும் கூப்பிட்டுக் கதைச்சவர். ரயர் எண்டு எழுதும்.”

அவள் புட்டுக்குழலைக் கவிழ்த்தாள்.

“நான் கள்ளுக் குடிச்சிட்டு லொறியை நிப்பாட்டேல்லை. தாய் விழுந்து கிடக்கிறா எண்டு போனனான். அதுக்கு என்னை வேலையாலை நிப்பாட்டினால் உமக்குச் சரியோ?”

“சரி எண்டு நான் சொல்லேல்லை.”

“அப்ப எழுதும்.”

“கமலாவதியக்காவை உங்களுக்கு ஞாபகமிருக்கே?”

கமலாவதி சரசாலைக்காரி, பழைய மேசைக்காரி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவசரத்தில் ஒரு பெட்டியில் நேரத்தைப் பிழையாக எழுதிவிட்டுப் போனாள். அப்போது மேசைத் தலைவியாக இருந்த துஷாந்தினிதான் அதைக் கண்டு எழுதிக் கொடுத்தது. கமலாவதியை நிறுத்திவிட்டார்கள்.

“அவவுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல்தான்” என்றாள் துஷாந்தினி. “அந்தத் தாளிலை காய்ச்சல் எண்டு நான் எழுதேல்லை. நேரம் பிழை எண்டு மட்டும் எழுதினனான். இண்டைக்கு உங்களுக்கு ரயர் எண்டு எழுதினால், நாளைக்கு நான் அந்த மேசையளுக்கு நடுவாலை என்னண்டு நடக்கிறது?”

“உமக்கு என்னைவிடக் கதிரை பெரிசாப் போச்சு.”

“கதிரைதான் பெரிசெண்டால் ரயர் எண்டு எழுதிப்போட்டு நிம்மதியா இருப்பன். எழுதினால்தான் கதிரை நிக்கும் எண்டு சுபாஸே சொல்லுறார்.”

அவன் முற்றத்துக்குப் போய்விட்டான். கட்டிலில் இருந்து மாமி கூப்பிட்டா. “பிள்ளை, என்ரை பேரும் அதிலை வருமே?”

“பேர் வராது மாமி. றைவரின்ரை தாய் எண்டு வரும்.”

“நான் ஊசியைப் போட்டது என்ரை பிழை. நீ சொன்னனீ. கை தன்ரை பாட்டிலை போட்டிட்டுது. அதையும் எழுது.”

துஷாந்தினி சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினாள். காரணம் என்ற இடம் இரண்டு வரிக்குத்தான் காணும். அவள் தாளின் பின்பக்கத்திலும் எழுதினாள். ஆஸ்பத்திரியில் தாய் விழுந்ததால் றைவர் லொறியை எஞ்சின் நிறுத்தி நாற்பது நிமிடம் விட்டார். வெப்பம் பதியும் கருவி நாலு மாதமாகப் பழுது. வழமையில் நோயாளியைக் கூட்டிப்போகும் மருமகள் உற்பத்தி மனேஜர். அவர் கேட்ட அரைநாள் லீவு கொடுக்கப்படவில்லை.

நாற்பது என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினாள்.

காலையில் சுபாஸ் வாசித்தார். “லீவுக் கதை ஏன் இதுக்குள்ளை வருது? இது குடும்ப விசயம்.”

“காரணம் எண்டு கேட்டிருக்கு சேர்.”

“மனேஜர் ஆக்கள் தங்களைப் பற்றி இப்பிடி எழுதுறேல்லை.”

“என்னைப் பற்றி மட்டும் இல்லை. இஞ்சை இருக்கிற முந்நூறு பேரிலை முக்கால்வாசிப் பேர் மாசத்திலை ஒருநாள் ஆரையோ கிளினிக்குக் கொண்டுபோறவை. மேலை வந்தால் அதை விட்டிடோணும் எண்டால், மேலை வாற ஒவ்வொருத்தியின்ரை வீட்டிலையும் ஒருநாள் இதுதான் நடக்கும்.”

சுபாஸ் தாளை மடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். “நான் மறிக்கேல்லை. ஆனால் நான் உங்களுக்குச் சொன்னனான்” என்று சொல்லித் தாளைக் கொழும்புக்கு அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட மிஸ் ஒருவர், விசாரணை செய்யும் நரைத்தலை ஆள் மற்றவர். நரைத்தலைக்காரருக்கு மலையகத் தமிழ். துஷாந்தினியை முதலில் வெளியில் இருக்கச் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். கோபிசங்கர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தான். மேசையில் அவளுடைய தாள், பக்கத்தில் மார்க்கண்டரின் கேற் கொப்பி, கச்சாயில் வெளிக்கிட்ட நேரம் எழுதிக் கொடுத்த துண்டு.

“கச்சாயில இருந்து லொறி வெளிக்கிட்டது பத்து அம்பத்தஞ்சு” என்றார் நரைத்தலைக்காரர். “கேற்றுக்குள்ள வந்தது பன்னெண்டு நாப்பத்தஞ்சு. ஓட்டம் மொத்தம் நாப்பது நிமிஷம்னு எல்லா நாளும் இந்தக் கொப்பி சொல்லுது. நீங்க எழுதின நாப்பதையும் கூட்டினா, பன்னெண்டு பதினஞ்சுக்கு வந்திருக்கணும். அரை மணித்தியாலம் காணல. மனேஜர், உங்க கணவருக்காகக் குறைச்சு எழுதினீங்களா?”

துஷாந்தினி வாய் திறக்க முதல் கோபிசங்கர் பேசினான்.

“ஐயா, அவ குறைக்கேல்லை. நான் அவவுக்கு நாப்பது எண்டு சொன்னனான். அது பொய். நான் உள்ளை போகேக்கை அம்மாவுக்கு நினைவில்லை. மருந்து ஏத்தி, அவ கண் முழிச்சு, என்னைத் தெரிஞ்சு கதைக்கும்வரை நான் வெளியிலை வரேல்லை. லொறி நினைப்பிலை இருந்தது. எண்டாலும் வரேல்லை. ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும் நிண்டது. நாப்பது எண்டால் லோட்டு தப்பிடும் எண்டு நினைச்சு மனிசியிட்டை அப்பிடிச் சொன்னன். தாளைத் தாங்கோ, நான் திருத்திக் கையெழுத்து வைக்கிறன்.”

நரைத்தலைக்காரர் பேனாவை நீட்டினார். கோபிசங்கர் நாற்பதை வெட்டிவிட்டு மேலே எழுதினான். அவன் எழுத்துப் பெரியது, கோட்டுக்கு வெளியே போனது.

மிஸ் துஷாந்தினியைப் பார்த்தா. அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவள் பக்கம் ஒரு பிழையும் இல்லை.

“எனக்கும் தெரியும்” என்றாள் துஷாந்தினி. “அண்டைக்குப் பின்னேரமே கேற் கொப்பியைப் பாத்தனான். கூட்டிப் பாத்தால் வரேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் நாப்பது எண்டு எழுதினனான். அந்த ஒண்டிலை நான் மனேஜராய் இருக்கேல்லை. மிச்சம் எழுதினதெல்லாம் உண்மை.”

கோபிசங்கர் திரும்பி அவளைப் பார்த்தான். செவ்வாய்க்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

முடிவு பத்து நாளில் வந்தது. கோபிசங்கருக்கு ஒரு மாதம் வேலை இடைநிறுத்தம், அதன் பிறகு லொறி இல்லை, ஐஸ் அறையில் வேலை. துஷாந்தினிக்கு எச்சரிக்கைக் கடிதம். பதவி நின்றது. ஆனால் நிரந்தரமாக்குவதை மூன்று மாதம் தள்ளிப்போட்டிருந்தார்கள். வெப்பம் பதியும் கருவியைத் திருத்த ஆள் வந்தான். கமலாவதியைத் திரும்ப எடுக்கக் கேட்டு அவள் ஒரு கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை. மேல்மாடிக் கழிப்பறைக் கதவில் இருந்த ஆண் படத்தை ஒருநாள் மார்க்கண்டர் சுரண்டி எடுத்தார். ஆர் சொன்னது என்று கேட்டதற்கு, “பெரிய மனேஜர்” என்றார்.

ஆனி நடுவில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பக்டரிகளிலும், எல்லாத் தரத்திலும் உள்ள பெண் ஊழியர்களுக்கு, வீட்டு நோயாளியைக் கிளினிக்குக் கூட்டிப்போக மாதம் ஒரு அரைநாள். கீழே மண்டபத்தில் வாசித்தபோது இந்தமுறை நன்றாகவே கை தட்டினார்கள். துஷாந்தினி அதை மேலே கொண்டுபோய் இன்னொருதரம் வாசித்தாள். பிறகு சுபாசின் அறைக்குப் போனாள்.

“சேர், இதிலை பெண் ஊழியர் எண்டு போட்டிருக்கு.”

“ஓம். உங்களாலைதான் வந்தது அக்கா. சந்தோசமில்லையோ?”

“சந்தோசம். ஆனால் ஐஸ் அறையிலை நிக்கிறவைக்கும் லொறி ஓடுறவைக்கும் இது இல்லையே. அவையளும் தாய்தேப்பன் உள்ள ஆக்கள். பெண் எண்ட சொல்லை எடுக்கச் சொல்லி எழுதப் போறன்.”

“இப்பதானே ஒரு எச்சரிக்கை வாங்கினீங்கள்.”

“அது வேறை விசயத்துக்கு.”

சுபாஸ் சுற்றறிக்கையை வாங்கி வாசித்தார். “எழுதுங்கோ. கீழை நானும் கையெழுத்து வைக்கிறன்.”

அதற்குப் பதில் வருமுன் ஆடிக் கிளினிக் வந்தது. செவ்வாய்க்கிழமை மேசைகளுக்கு நிறைய நண்டு வந்திருந்தது. துஷாந்தினி போகலாம், இப்போது அவளுக்கு அரைநாள் உண்டு. முதல் நாள் பின்னேரம் கோபிசங்கர் சொன்னான்: “நீர் நில்லும். நான் சம்பளமில்லாமல் அரைநாள் கேட்டுப்போட்டன்.” தாயை மோட்டார்சைக்கிளில் பின்னால் இருத்தி, வாழைப்பழத்தையும் பிஸ்கற்றையும் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் விறாந்தையில் தாயின் மருந்துகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான்.

“மருந்து மாத்தினவையோ?” என்று கேட்டாள்.

“ஓம். ஊசியைக் காலமை ரெண்டு குறைச்சிருக்கினம். இந்த வெள்ளைக் குளிசை இனி இல்லை. இது புதுசு, பின்னேரம் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி.” அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினான். “நம்பர் எடுக்க ரெண்டாவது வாங்கிலை இருக்கோணும். முதலாவதிலை இருந்தால் கேக்காது.”

“அது எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சிருக்கும். இப்ப வாங்கை மாத்திப்போட்டினம். சுவரோடை இருக்கிறதுதான் இப்ப ரெண்டாவது.”

துஷாந்தினிக்கு அது தெரியாது. கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் இருந்து, எந்தக் குளிசை எப்போது என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள்.